கோர்ட்டு கலையும் வரை

என் தம்பி சிறைத் தண்டனை பெற்றவன் என்று ஒரு வெளிநாட்டு அரசாங்கம் எழுதி வைத்திருக்கிறது. அவன் எந்தக் குற்றமும் செய்யவில்லை. குற்றம் செய்தவன் நான். தண்டனையை அனுபவித்தவனும் நான். பெயர் மட்டும் அவனுடையது.

அவன் பெயரை எடுத்துப் போலீசிடம் கொடுத்தவன் நான்தான்!

சொல்லிவிட்டேன்... இதை இதுவரை ஒருவரிடமும் சொன்னதில்லை. மனைவியிடம் சொன்னதில்லை. சாகக் கிடந்த அப்பாவிடம் சொன்னதில்லை. முன்பின் அறியாத உங்களிடம் சொல்கிறேன். ஏன் என்று மட்டும் கேட்காதீர்கள். கேட்டால் அதற்கும் ஒரு பொய் சொல்லிவிடுவேன். எனக்கு அது கைவந்த கலை.

தம்பியின் பெயரை இங்கே எழுதப்போவதில்லை. ஒருமுறை எடுத்தது போதாதா? அவன் குடியேறிய நாட்டின் பெயரையும் சொல்லமாட்டேன். நன்னிலம் பக்கத்தில் ஒரு கிராமம், வயலுக்கு நடுவே ஒரு மாதா கோயில், அதைச் சுற்றி எங்கள் வீடுகள். அவ்வளவு தெரிந்தால் போதும் உங்களுக்கு.

எங்கள் தாத்தா பண்ணையாள். அப்பா குத்தகைக்கு உழுது, பிறகு சொந்தமாகக் கொஞ்சம் நிலம் வாங்கினார். அம்மா, தம்பி பால்குடி மறந்த கொஞ்ச காலத்திலேயே போய்ச் சேர்ந்துவிட்டாள். அவனுக்குத் தலை வாரி விட்டதும், சோறு பிசைந்து ஊட்டியதும், ஞாயிற்றுக்கிழமை பூசைக்குக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனதும் நான்தான். இதை ஏன் சொல்கிறேன்? நான் நல்லவன் என்று நீங்கள் நினைக்க வேண்டும் என்றா? பாருங்கள், ஒப்புக்கொள்ள உட்கார்ந்த இடத்திலும் எனக்காக நானே வக்காலத்து வாங்குகிறேன்!

அந்த வருஷம் ஆற்றில் தண்ணீர் வரவில்லை. குறுவைக்கு விட்ட நாற்றங்கால் பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது. வாய்க்காலில் பிள்ளைகள் கிரிக்கெட் ஆடினார்கள். விவசாய சங்கத்துக்காரர்கள் சாலை மறியல் என்றார்கள். ஊரே கிளம்பியது. நானும் போனேன். அப்பாதான் அனுப்பினார். அவருக்கு அன்றைக்குக் காய்ச்சல்.

எங்கள் பக்கத்தில் மறியலில் கைது என்றால் எப்படி என்று உங்களுக்குத் தெரியாமல் இருக்கலாம். நடுரோட்டில் உட்காருவோம். பஸ்கள் வரிசையாக நிற்கும். கொஞ்ச நேரம் கோஷம். பிறகு போலீஸ் வேன் வரும். "ஏறுங்கய்யா, ஏறுங்க... வெயில் ஏறுது" என்பார்கள். நாங்களும் ஏறுவோம். வேன் நேராக ஒரு கல்யாண மண்டபத்துக்குப் போகும். முந்தின முகூர்த்தத்துக்குக் கட்டிய வாழைமரம் வாசலில் வாடிக்கிடக்கும். மேடையில் மாப்பிள்ளை பெண் உட்கார்ந்த நாற்காலியில் சங்கத் தலைவர் உட்காருவார். கிழவர்கள் ஜமுக்காளத்தில் துண்டை விரித்துத் தூங்குவார்கள். சிலர் சீட்டுக்கட்டோடு வட்டம் போடுவார்கள். மத்தியானம் சாப்பாடு வரும். சாயங்காலம் விட்டுவிடுவார்கள். வீட்டுக்கு வந்து, "இன்னிக்கு அரஸ்ட் ஆயிட்டோம்ல!" என்று சிரித்துக்கொண்டே சொல்வோம்.

அதை ஒரு கைது என்று எங்களில் எவனாவது நினைத்திருப்பானா? சத்தியமாக இல்லை!

ஆனால் ஒன்று. நடுவில் ஓர் ஏட்டு வந்து பெயர் எழுதுவார். அந்த நேரத்தில் மண்டபத்தில் பெரிய வேடிக்கை நடக்கும். ஒருவன் செத்துப்போன பாட்டன் பெயரைச் சொல்வான். ஒருவன் தனக்கும் மாமனாருக்கும் ஆகாது என்று மாமனார் பெயரைக் கொடுப்பான். ஏட்டுக்கும் அது தெரியும். தலையை நிமிர்த்தாமல் எழுதிக்கொண்டு போவார்.

என் பக்கத்தில் செல்வராசு உட்கார்ந்திருந்தான். என் வயதுக்காரன், பக்கத்து வயல்காரன். அவன்தான் விலாவில் இடித்தான்.

"டேய், நீ வி.ஏ.ஓ. பரீச்ச எழுதிட்டு ரிசல்ட்டுக்கு உக்காந்துருக்க. ஒம் பேரக் குடுத்துத் தொலைக்காத. நாளைக்கு வெரிபிகேசன்ல வந்து நிக்கும்."

கிராம நிர்வாக அலுவலர் வேலை! பண்ணையாளின் பேரன் கையில் ஊர் நிலத்தின் பட்டாவும் அடங்கலும் இருக்கும், அதே பண்ணை வீட்டார் வந்து என் முன்னால் நிற்பார்கள் என்று அப்பா கனவு கண்டுகொண்டிருந்தார். அதற்குள் ஏட்டு என் முன்னால் வந்துவிட்டார்.

"பேரு?"

நான் விழித்தேன்.

"சொல்லு தம்பி. சும்மா கணக்குக்குத்தான். சாயந்தரம் எல்லாரும் வீட்டுக்குத்தான்."

தம்பியின் பெயரைச் சொன்னேன்.

"அப்பா பேரு? ஊரு?"

இரண்டையும் உண்மையாகவே சொன்னேன்.

ஏன்? எத்தனையோ முறை என்னையே கேட்டுப் பார்த்துவிட்டேன். பாட்டன் பெயரைச் சொல்லியிருக்கலாம். இல்லாத ஒருவன் பெயரைச் சொல்லியிருக்கலாம். செல்வராசு கூட யாரோ ஒரு பெயரைத்தான் சொன்னான். நான் மட்டும் ஏன்... ஒரு சட்டையை இரண்டு பேரும் மாற்றி மாற்றிப் போட்டு வளர்ந்த வீடு எங்களுடையது. ஒரே சைக்கிள், ஒரே போர்வை. அவனுடையது என்னுடையது என்ற பிரிவே எனக்கு இருந்ததில்லை. அந்தப் பழக்கத்தில் வந்துவிட்டதா? அப்படித்தான் நெடுநாள் சமாதானம் சொல்லிக்கொண்டேன். உண்மை வேறு. அப்பா பெயரும் ஊரும் பொருந்துகிற பெயர் அது ஒன்றுதான். மாட்டிக்கொள்ளாத பொய்யாக ஒன்றை அந்த நொடியில் என் புத்தி தேடிப் பிடித்துக் கொடுத்தது. பிற்காலத்தில் அவனை மாட்டிவிட்டதும் அந்தப் பொருத்தம்தான்.

மத்தியானம் எலுமிச்சஞ்சாதம் கொடுத்தார்கள். வாழை இலையில் மடித்த பொட்டலம். நான் சாப்பிடவில்லை. திருச்சியில் பாலிடெக்னிக் படித்துக்கொண்டிருந்த தம்பி அன்றைக்கு லீவில் வீட்டுக்கு வந்திருந்தான். ஹாஸ்டல் சோற்றில் நாக்குச் செத்துப்போய் வந்திருப்பானே என்று பொட்டலத்தைப் பிரிக்காமல் கொண்டுபோனேன்.

"ஏதுண்ணே?" என்றான்.

"மண்டபத்துல குடுத்தாங்க. தின்னு."

தின்றான். இலையை வழித்து, விரலையும் நக்கினான். நான் எதிரே உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். காலையில் செய்தது அப்போது எனக்கு நினைவில்கூட இல்லை.

இத்தோடு முடிந்திருந்தால் விளையாட்டு என்று சொல்லிக்கொள்ளலாம். முடியவில்லையே!

சில மாதம் கழித்து ஒரு போலீஸ்காரர் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு எங்கள் தெருவுக்குள் வந்தார். வெளியூர் ஸ்டேஷன்காரர், எங்களைத் தெரியாதவர். கையில் சம்மன். தம்பியின் பெயரைச் சொல்லி, "நீதானா?" என்றார். அப்பா வயலில் இருந்தார். தம்பி திருச்சியில் இருந்தான். எனக்குப் பரீட்சையில் தேர்வாகி, வேலைக்கு உத்தரவு வரவேண்டிய நேரம்.

"ஆமாங்க, நாந்தான்" என்றேன்.

அப்போது யாரும் என் விலாவில் இடிக்கவில்லை. யோசிக்க நிறைய நேரம் இருந்தது. நன்றாக யோசித்து, அறிந்து, தெரிந்து சொன்னேன். அதனால்தான் மண்டபத்தை விட அந்த வாசல்படிதான் எனக்குப் பெரிய பாவமாகத் தெரிகிறது.

கோர்ட்டுக்குப் போனேன். மறியல்காரர்கள் பெரிய கூட்டமாக நின்றோம். வரிசையாகப் பெயர் கூப்பிட்டார்கள். தம்பியின் பெயர் வந்ததும் கையைத் தூக்கினேன். "குற்றத்த ஒத்துக்கிறீங்களா?" என்று நீதிபதி கேட்டார். "ஒத்துக்கிறோங்கய்யா!" என்று பூசையில் பதிலுரை சொல்வது போல் எல்லோருமாகச் சொன்னோம். அபராதம். அதோடு, கோர்ட்டு கலையும் வரை சிறைத் தண்டனை.

பயந்துவிடாதீர்கள். கோர்ட்டு கலையும் வரை என்றால், அன்றைக்கு நீதிமன்றம் முடிகிற வரைக்கும் அங்கேயே ஓரமாக உட்கார்ந்திருக்க வேண்டும். அவ்வளவுதான். சின்னச் சின்ன வழக்குகளுக்கு இங்கே அப்படி ஒரு தண்டனை உண்டு. சாயங்காலம் நீதிபதி எழுந்து போனதும் நாங்களும் எழுந்து போய் டீக்கடையில் பஜ்ஜி தின்றோம். "ஜெயிலுக்குப் போயிட்டு வந்துட்டோம்டா!" என்று செல்வராசு பஸ்ஸில் வரும்போது சிரித்தான். நானும் சிரித்தேன். வயிறு குலுங்கச் சிரித்தேன்!

எனக்கு வேலை கிடைத்தது. என் மேல் ஒரு குற்றமும் இல்லை என்று போலீஸ் நற்சான்று கொடுத்தது. வேலியே பயிரை மேய்ந்தது என்பார்களே, அந்த வேலி நான்தான். அன்று முதல் இன்று வரை ஊராருக்கு இருப்பிடச் சான்று, வாரிசுச் சான்று எல்லாவற்றுக்கும் விசாரித்து எழுதுகிறேன். "இன்னார் இன்னார்தான்" என்று கையெழுத்துப் போடுகிறேன். என் எழுத்தை நம்பித் தாசில்தார் கையெழுத்துப் போடுகிறார்.

தம்பி படித்து முடித்தான். வெளிநாடு போனான். போகும்போது எங்கள் ஊர் ஸ்டேஷனில் விசாரித்து நல்லபடியாகவே எழுதிக் கொடுத்தார்கள். வழக்கு வேறு ஸ்டேஷனில் பழைய காகிதக் கட்டுக்குள் கிடந்ததால் யாருக்கும் தெரியவில்லை. அங்கேயே நிரந்தரமாகத் தங்கும் உரிமை கிடைத்தது. கலியாணம் செய்து மனைவியைக் கூட்டிப்போனான். ஒரு பெண் பிறந்தாள். ஞாயிற்றுக்கிழமை தவறாமல், நான் பூசை முடிந்து வரும் நேரம் பார்த்துக் கூப்பிடுவான். எடுத்ததும் முதல் கேள்வி ஒன்றுதான்: "ஆத்துல தண்ணி வந்துருச்சாண்ணே?"

அப்பா படுக்கையில் விழுந்தார். ஒரு பக்கம் கை கால் வராமல் போய்விட்டது. நான் பக்கத்திலேயே இருக்கிறவன், எனக்கு ஜமாபந்தி என்கிற வருஷக் கணக்குத் தணிக்கை, பயிர் இழப்புக் கணக்கு, தேர்தல் வேலை. தம்பி அங்கிருந்து லீவு போட்டுவிட்டு வந்தான். வந்தவன் வாரக்கணக்கில் இருப்பான் என்று நினைத்தோம். அப்பா கண் மூடும் வரை இருந்தான். குளிப்பாட்டியதும், பீ மூத்திரம் அள்ளியதும் அவன்தான். நான் சாயங்காலம் வந்து வாசலில் நின்று, "எப்புடி இருக்காரு?" என்று கேட்டவன்.

அவ்வளவு நாள் இங்கே இருந்தானே, அதுதான் வினையாயிற்று. திரும்பிப் போனதும் குடும்பத்தோடு குடியுரிமைக்கு எழுதிப்போட்டான். "சமீபத்தில் நெடுநாள் இந்தியாவில் இருந்திருக்கிறாய், அங்கிருந்து போலீஸ் சான்று வாங்கி வா" என்றார்கள். விண்ணப்பத்தில் ஒரு கேள்வி இருந்ததாம்: எந்த நாட்டிலாவது, எப்போதாவது கைதானதுண்டா, தண்டனை பெற்றதுண்டா? அவன் இல்லை என்று எழுதினான். உண்மையைத்தானே எழுதினான்!

இங்கே இப்போது எல்லா ஸ்டேஷனும் கம்ப்யூட்டரில் ஒன்றாகிவிட்டது. பெயர், அப்பா பெயர், ஊர் மூன்றும் பொருந்தின.

அந்த ஞாயிற்றுக்கிழமை தண்ணீரைப் பற்றி அவன் கேட்கவில்லை.

"அண்ணே, எம்மேல கேஸ் இருக்காம்ணே."

"என்ன கேஸு?"

"சாலை மறியல்னு போட்ருக்கு. தண்டனை வேற குடுத்துருக்காங்களாம். ஜெயில் தண்டனைண்ணே! நான் எந்த மறியலுக்குண்ணே போனேன்? யாரா இருக்கும்?"

யாராயிருக்கும்... அப்போது சொல்லியிருக்கலாம். வாயைத் திறந்து, "நாந்தாண்டா" என்ற ஒரு சொல்.

"ஒரே பேர்ல வேற ஆளா இருக்கும். நான் பாக்குறேன்" என்றேன்.

"நீ வி.ஏ.ஓ. தானேண்ணே, ஸ்டேஷன்ல உன்னத் தெரியும். ஒரு எட்டு போயி விசாரிச்சுட்டு வாயேன்."

திருடனையே துப்புத் துலக்க அனுப்பினான். நானும் போனேன். கேஸ் இருந்த ஸ்டேஷனில் நாற்காலி போட்டு, டீ வாங்கிக் கொடுத்தார்கள். கணக்குப் பார்க்கும் ரைட்டர் நல்ல மனிதர். பழைய கட்டை எடுத்துப் பார்த்துவிட்டு, "இது ஒண்ணும் பெரிய விசயமில்ல சார். அந்தக் காலத்து மறியல் கேஸ். நம்ம பக்கத்துல பாதிப் பேர் மேல இருக்கும்" என்றார்.

"என் தம்பி அன்னிக்குப் போகலைங்க."

"அப்ப அவர் பேர்ல யாரோ வந்து ஒத்துக்கிட்டுப் போயிருக்கான் சார். அந்த ஆளே வந்து கோர்ட்டுல எழுதிக் குடுத்தாத்தான் இது நீங்கும். எவன் சார் வருவான்? ஆள் மாறாட்டம் தனிக் கேஸாச்சே. உள்ள வச்சுருவாங்க."

டீ ஆறிப்போய்விட்டது. குடித்தேன்.

வெளியே வந்து மோட்டார் சைக்கிளில் சாய்ந்துகொண்டு வெகுநேரம் நின்றேன். எழுதிக் கொடுத்தால் வேலை போகும். பென்ஷன் போகும். தஞ்சாவூரில் தங்கிப் படிக்கிற என் மகளுக்கு நாளைக்கு மாப்பிள்ளை தேடுகிறவர்கள் என்ன சொல்வார்கள்? அவளுக்குத் துணையாக அங்கேயே இருக்கிற என் மனைவி தலை நிமிர்ந்து நடப்பாளா? எல்லாம் நியாயமான காரணங்கள்தான், இல்லையா? தம்பிக்கும் ஒரு மனைவியும் ஒரு மகளும் இருக்கிறார்கள் என்பது மட்டும் அந்தக் கணக்கில் வரவேயில்லை.

அடுத்த ஞாயிறு அவன் சொன்னான். அங்கே ஒரு வக்கீலம்மாவைப் பார்த்தானாம். குற்றம் சின்னது, பழையது, முதலிலேயே சொல்லியிருந்தால் ஒரு தடையும் இருந்திருக்காது, மறைத்ததுதான் தப்பு என்றாளாம் அந்த அம்மா.

"நான் மறைக்கலயேண்ணே! எனக்குத் தெரியவே தெரியாதே!" என்றான்.

அப்போது நான் சொன்ன யோசனையைக் கேளுங்கள். அண்ணன் சொன்ன யோசனையை!

"சின்ன கேஸ்தானடா. போனேன், அது கைதுன்னே நினைக்கல, மறந்துட்டேன்னு ஒத்துக்க. மன்னிப்புக் கேட்டு எழுதிக் குடு. விட்டுருவாங்க. நாங்கள்லாம் அத கைதுன்னா நினைச்சோம்?"

நாங்கள்லாம்... அந்தச் சொல் எப்படியோ வாயிலிருந்து வழுக்கி விழுந்துவிட்டது. நுணலும் தன் வாயால் கெடும்!

அவன் பக்கத்தில் ஏதோ வண்டி போகிற சத்தம் மட்டும் கேட்டது. பிறகு, "சரிண்ணே" என்றான்.

நேரில் விசாரணைக்குக் கூப்பிட்டார்கள். அதற்கு முந்தின ஞாயிறு அவன் கேட்டது இன்னும் காதில் நிற்கிறது.

"அண்ணே, அந்த ஆபீசர் எல்லாம் துருவித் துருவிக் கேப்பாராம். கோர்ட்டு கலையும் வரைன்னா எங்க உக்கார வப்பாங்க? எனக்குத் தெரியாதேண்ணே. சொல்லு, மனப்பாடம் பண்ணிக்கிறேன்."

சொன்னேன். உள்ளே நுழைந்ததும் இடது கைப் பக்கம் நீள பெஞ்சு. ஒரு கால் குட்டை, ஆடும். தலைக்கு மேலே ஃபேன், ஆனால் சுற்றாது. ஜன்னலில் ஒரு கம்பி இல்லை, அதன் வழியாகப் புறா வந்து வந்து போகும். மத்தியானம் டவாலி போட்ட கோர்ட்டுச் சேவகர் வந்து மண்பானையில் தண்ணீர் மொண்டு கொடுப்பார். எதிர்ச்சுவரில் பல்லி ஒன்று ரொம்ப நேரம் அசையாமல் இருந்தது. சாயங்காலம் வெயில் பெஞ்சின் மேல் விழும், முதுகு சுடும்...

சொல்லிக்கொண்டே போனேன். நிறுத்தத் தெரியவில்லை எனக்கு. அத்தனை வருஷம் அடைத்து வைத்த மடை திறந்துகொண்டது.

அவன் குறுக்கே பேசவே இல்லை. பிறகு மெதுவாகச் சொன்னான்.

"நல்லா ஞாபகம் வச்சிருக்கண்ணே."

"செல்வராசு சொல்லியிருக்கான்டா" என்றேன்.

"ம். செல்வராசு அண்ணன் நல்லா இருக்காங்களா?"

"இருக்கான்."

"கேட்டேன்னு சொல்லு" என்று வைத்துவிட்டான்.

அவன் விசாரணைக்குப் போனான். அவன் உட்காராத பெஞ்சைப் பற்றி, பார்க்காத புறாவைப் பற்றி, ஓர் அந்நிய அதிகாரியின் முன்னால் கைகட்டி உட்கார்ந்து சொன்னான். அதிகாரி எல்லாவற்றையும் கேட்டுவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டாராம்: இவ்வளவு துல்லியமாக நினைவிருக்கிறதே, பிறகு எப்படி மறந்தேன் என்று எழுதினாய்?

முடிந்தது கதை! நான் வாரிக் கொடுத்த விவரமே அவன் கழுத்தை அறுத்தது.

மனைவிக்கும் மகளுக்கும் குடியுரிமை கொடுத்தார்கள். அவனுக்கு இல்லை என்றார்கள். பொய் சொன்னவன் என்று காரணம் எழுதினார்கள். சில வருஷம் கழித்து வேண்டுமானால் மறுபடி கேட்கலாம், ஆனால் கேட்கிற ஒவ்வொரு தடவையும் இதையும் எழுதியாக வேண்டும்.

உறுதிமொழி எடுக்கும் விழாவின் படம் எனக்கு வந்தது. தம்பி மனைவி பட்டுப்புடவையில் நிற்கிறாள், அருகே மகள் ஒரு சின்னக் கொடியைப் பிடித்துச் சிரிக்கிறாள். படத்தில் தம்பி இல்லை. படம் எடுத்தது அவன். பார்வையாளர் நாற்காலியிலிருந்து எழுந்து வந்து எடுத்தானாம்.

அதற்குப் பிறகு ஒரு நாள் தம்பி மனைவி கூப்பிட்டாள். என்னிடம் அதிகம் பேசாதவள் அவள்.

"மாமா, ஜெயிலுக்குப் போனத எங்கிட்டயே மறைச்சுட்டாரே மாமா. இத்தன வருசம் கூட இருந்துருக்கேன். இன்னும் என்னென்ன மறைச்சிருக்காரோன்னு தோணுது. நீங்களாவது ஒரு வார்த்த சொல்லிருக்கலாமுல்ல?"

"பழைய கதைம்மா, விடு" என்றேன்.

கேட்டீர்களா? அவன் நிரபராதி என்று சொல்லவில்லை. 'பழைய கதை' என்றேன். அவன் குற்றத்தை நானும் பெருந்தன்மையாக மன்னித்துவிட்டது போல!

தவக்காலத்தில் பாவசங்கீர்த்தனத்துக்குப் போனேன். இன்றைக்குச் சொல்லிவிடுவது என்று முடிவு செய்துகொண்டுதான் வரிசையில் நின்றேன். மண்டியிட்டேன். கோபத்தில் ஆட்களைத் திட்டினேன் என்றேன். பூசைக்குச் சில வாரம் போகவில்லை என்றேன். "வேற?" என்றார் சாமியார். அவர் குரலில் அவசரமே இல்லை, காத்திருந்தார். பின்னால் யாரோ இருமினார்கள்.

"அவ்வளவுதான் சாமி."

அவர் மன்னிப்பு வழங்கினார். நான் சொன்ன பாவங்களுக்கு.

இப்போது வீட்டில் நான் மட்டும். வார நாட்களில் ஆபீஸ் உண்டு, சனிக்கிழமை தஞ்சாவூர் போய் வருவேன். மற்ற நேரம் இந்த வீட்டில் என் மூச்சு எனக்கே கேட்கிறது. ஊரில் எல்லோரும் வணக்கம் சொல்கிறார்கள். நின்று பேச யாரும் இல்லை என்று சொல்லமாட்டேன், என்னால்தான் யாரோடும் நின்று பேச முடியவில்லை. செல்வராசு எதிரே வந்தால் வேறு சந்தில் திரும்பிவிடுகிறேன். அவனுக்கு எதுவும் நினைவில் இருக்காது. இருந்துவிட்டால் என்ன செய்வது என்ற பயம்.

போன மாதம் ஒரு ஞாயிறு தம்பி கூப்பிட்டான். கொஞ்ச நேரம் மகள் படிப்பைப் பற்றிப் பேசினான். பிறகு, எதையோ தற்செயலாக நினைத்துக்கொண்டவன் போல ஆரம்பித்தான்.

"அண்ணே, நான் பாலிடெக்னிக் படிக்கறப்ப ஒரு நாள் எலுமிச்சஞ்சாதப் பொட்டலம் கொண்டாந்து குடுத்தியே, ஞாபகம் இருக்கா?"

போனை மறு காதுக்கு மாற்றினேன்.

"மண்டபத்துல குடுத்தாங்கன்னு சொன்ன. நீ தின்னியான்னுகூட நான் கேக்கல. மொத்தத்தையும் நானே தின்னுட்டேன்."

"தம்பி..."

"சோத்த நான்தானே தின்னேன். அப்ப எம்பேர எழுதுனதும் சரிதாண்ணே."

அவன் அழவில்லை. கோபப்படவும் இல்லை. அதை மன்னிப்பாகச் சொன்னானா, சாட்டையாகச் சொன்னானா? இன்று வரை எனக்குத் தெரியவில்லை. மன்னிப்பு என்று எடுத்துக்கொண்டால் எத்தனை சுலபமாக இருக்கும்! ஆனால் எனக்கு அது மன்னிப்பாகக் கேட்கவில்லை. எப்போது தெரிந்தது அவனுக்கு? பெஞ்சைப் பற்றிச் சொன்னபோதா? அதற்கும் முன்னாலா? "யாரா இருக்கும்?" என்று முதல் நாள் கேட்டானே, அப்போதே தெரிந்திருந்ததா? மண்டபத்திலிருந்து வந்தவன் நான் என்பது அவனுக்கு அன்றைக்கே தெரியும் அல்லவா! தெரிந்துகொண்டே கேட்டானா? வாரா வாரம் என் வாயிலிருந்து வரட்டும் என்று காத்திருந்து, வராததால், எனக்காகவே போய் அந்த அதிகாரி முன்னால் உட்கார்ந்து ஒத்துக்கொண்டானா?

அப்போதும் அவனிடம், "லைன் சரியா இல்லடா" என்றேன். வைத்துவிட்டேன்.

நாளைக்கே நான் போய் எழுதிக் கொடுத்தால் அவன் பெயர் சுத்தமாகிவிடும். கோர்ட்டு இங்கிருந்து ஒரு பஸ் தூரம்தான். மூன்று தடவை கிளம்பினேன். ஒரு தடவை வாசல் வரைக்கும் போனேன். உள்ளே எட்டிப் பார்த்தேன். பெஞ்சை மாற்றிவிட்டார்கள், இப்போது இரும்பு நாற்காலி. பார்த்துவிட்டுத் திரும்பி வந்துவிட்டேன்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். தம்பிக்காகத்தான் அவன் பெயரை எழுதவில்லை என்பது போல ஆரம்பத்தில் உங்களிடம் பேசினேன் அல்லவா? பொய். இந்தக் கதையோடு அவன் பெயர் வெளியே வந்தால் அவனுக்கு நன்மைதான். மறைத்தது என் பெயரை. இத்தனை பேசியும் என் பெயரை உங்களிடம் நான் சொல்லவில்லை, கவனித்தீர்களா? மண்டபத்தில் செய்ததைத்தான் இங்கேயும் செய்திருக்கிறேன்.

இந்த ஞாயிறும் கூப்பிட்டான். பூசை முடிந்து வந்து செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தேன்.

"ஆத்துல தண்ணி வந்துருச்சாண்ணே?" என்றான்.

"வந்துருச்சு" என்றேன்.

"நல்லது" என்றான். வேறு ஏதாவது நான் சொல்வேனா என்று கொஞ்ச நேரம் காத்திருந்தான். பிறகு வைத்துவிட்டான்.